இடுப்புக்கு ஒரு கயிறு, காலுக்கு ஒரு கயிறு

எனக்கு எழுபத்தொன்பது வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். நான்கு என் வயிற்றில் பிறந்தவை, இரண்டு என் தங்கையுடையவை. ஆறும் இன்றைக்குத் தலை நிமிர்ந்து நிற்கின்றன. நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள். என் எழுத்து பெரிதாகத்தான் வரும், கோட்டைத் தாண்டிப் போகும். ஆனாலும் யாரிடமும் சொல்லி எழுதுவிக்கவில்லை. இதை என் கையால்தான் எழுத வேண்டும்.

எண்பத்து மூன்று இனக்கலவரத்துக்குப் பிறகு யேர்மனிக்கு வந்தவர்கள் நாங்கள். அகதிகளுக்கென்று எங்களை விட்ட ஹைம், ஒரு கிராமத்தின் கடைசியில் காட்டோரமாக இருந்த பழைய விடுதி. மேல்மாடியில் நாங்களும், பக்கத்து அறை அக்காவின் குடும்பமும். சமைக்க இரண்டு குடும்பத்துக்கும் ஒரே குசினி. ஆண்களுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. அந்த வட்டாரத்தைத் தாண்டிப் போகவும் அனுமதி இல்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விட்டால் நாங்கள் நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஊரில் நாங்கள் கள்ளுக்குப் பனை ஏறிச் சீவுகிற ஆக்கள். என் மனிசன் பதினான்கு வயதில் தளைநார் மாட்டியவர். தளைநார் என்றால் இரண்டு பாதத்தையும் சேர்த்துப் பிடிக்கிற ஒரு வளையம். அது காலில், நெஞ்சு மரத்தில், கை மரத்தைச் சுற்றி. அவ்வளவுதான் சாமான். ஏணியும் இல்லை, ஆணியும் இல்லை. காலையில் ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம் ஏறுவார். அந்தத் தொழிலுக்கு ஊரில் என்ன மரியாதை என்பது எனக்குத் தெரியும். சந்தித் தேத்தண்ணீர்க் கடையில் மற்றவர்களுக்குக் கிளாஸ், எங்களுக்கு வேலியில் கவிழ்த்து வைத்த சிரட்டை. என் தாய் அதில் குடித்ததை நான் கண்ணால் கண்டவள்.

ஹைமுக்கு வந்த இரண்டாம் நாள் அக்கா கேட்டா:

"பிள்ளை, உங்கடை அவர் ஊரில என்ன செய்தவர்?"

"சங்கக்கடை மனேச்சர், அக்கா."

"அப்ப கணக்கு வழக்கில வலு கெட்டிக்காரரா இருப்பார்."

"ஓம் அக்கா."

கூட்டுறவுக் கடையைத்தான் சங்கக்கடை என்போம். கணக்கில் அவர் என்னைவிட மோசம். ஆனால் வாயிலிருந்து போனது போய்விட்டது. அன்று அக்கா தன்னுடைய நீலப்பூப் போட்ட கோப்பையில் தேத்தண்ணீர் ஊற்றித் தந்தா. நான் அவவுக்குச் சமமாகக் கதிரையில் இருந்து குடித்தேன். அதற்குப் பிறகு ஒரே சட்டியில் சமைத்தோம். வெள்ளிக்கிழமை அவவின் அறைச் சாமிப் படத்துக்கு நான் விளக்கு ஏற்றுவேன். அந்தக் கோப்பையும் அந்தக் கதிரையும் எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விளங்காது. விசா கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, இது போய்விடக் கூடாது என்று நினைத்த நாட்கள் உண்டு.

எங்கள் விடுதிக்கு எதிர்வீட்டில் ஒரு வயதான வேட்டைக்காரர் இருந்தார். காட்டுப்பன்றி சுடுகிறவர். காட்டுக்குள் அவர் கட்டியிருந்த மரப் பரண் உக்கிப் போயிற்று. புதிதாகக் கட்டவும் ஏணி காவவும் அவருடைய முதுகுக்கு ஏலாது. பக்கத்து முகாமில் இருந்த அமெரிக்க ஆமிக்காரன் ஒருவன் அவருக்கு ஒரு பட்டி கொடுத்திருந்தான். குதிரைச் சேணம் போலத் தடித்துத் தைத்தது. அதை இடுப்புக்குக் கீழே போட்டு, கயிற்றால் மரத்தோடு கொளுவினால், மரத்தில் சாய்ந்தபடி கதிரையில் இருப்பதுபோல இருக்கலாம். இரண்டு கையும் துவக்குக்கு.

இருப்பது லேசு. அந்த உயரத்துக்கு ஏறுவதுதான் பாடு. காலில் இரும்புக் கொளுக்கி கட்டினால் மரம் காயப்படும் என்று காட்டு அதிகாரி மறித்துவிட்டாராம். அதனால் அவர் இரண்டு கயிறு வைத்திருந்தார், இடுப்புக்கு ஒன்று, காலுக்கு ஒன்று. காலுக்குரிய கயிற்றை மரத்தைச் சுற்றிக் கட்டி அதன் வளையத்தில் ஏறி நிற்பார். இடுப்புக் கயிற்றை மேலே தள்ளுவார். பட்டியில் தொங்கிக்கொண்டு காலுக்குரியதை மேலே இழுப்பார். திரும்ப நிற்பார். விடுதிக்குப் பின்னால் நின்ற கிளையில்லாத கீபர் மரத்தில் இதைப் பழகினார். கீபர் என்றால் ஊசி இலை மரம், நெட்டையாக நிற்கும். என் மனிசன் குசினி யன்னலால் பார்த்தபடி இருப்பார்.

"உந்த மனிசன் மரத்தோட மல்லுக்கட்டுறார். மரத்தை அணைக்கத் தெரியேல்லை. கால்கயிறும் நீட்டுக் கூட."

"உங்களுக்கு என்ன வந்தது? தேத்தண்ணியைக் குடியுங்கோ."

"நான் சும்மாதான் சொன்னனான்."

"உங்கடை கால் சும்மா இல்லை."

மேசைக்குக் கீழே அவருடைய இரண்டு பெருவிரலும் செருப்புக்குள் மடங்கி மடங்கி நிமிர்ந்தன. நான் கதவைச் சாத்திவிட்டு, அவர் கையைப் பிடித்து என் தலையில் வைத்தேன்.

"மரத்தில கை வைக்க மாட்டன் எண்டு சொல்லுங்கோ."

"வைக்க மாட்டன்."

"அக்கா அறிஞ்சால் எங்கடை கதை முடிஞ்சுது."

"வைக்க மாட்டன் எண்டு சொல்லிப்போட்டன் எல்லோ. கையை விடும்."

கையை விட்டேன். ஆனால் வேட்டைக்காரருடன் காட்டுக்குப் போவதை அவர் விடவில்லை. கயிற்றுப் பையைக் காவிக்கொண்டு பின்னால் போவார். இரண்டு பேருக்கும் பாஷை இல்லை. மரத்தைக் காட்டுவார்கள், தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். அறைக்குள் சும்மா கிடப்பதற்கு அது மேல் என்று நானும் விட்டுவிட்டேன்.

இலை கொட்டுகிற காலம். நானும் அக்காவும் கஸ்தானியன் கொட்டை பொறுக்கப் போனோம். அவித்தால் பலாக்கொட்டை மாதிரி இருக்கும். அக்கா சிரித்துச் சிரித்துக் கதைத்துக்கொண்டு வந்தா. காட்டுக்குள் வெகுதூரம் போனதும் ஒரு சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், ஒரு கீபர் மரத்தில் மூன்று ஆள் உயரத்தில் வேட்டைக்காரர் தொங்குகிறார். காலுக்குரிய கயிறு கழன்று கீழே விழுந்து கிடக்கிறது. மிதிக்க ஒன்றும் இல்லாததால் அவரால் எழும்பவும் ஏலாது. அவருடைய பாரம் முழுக்க இறுகிப் போனதால் இடுப்புக் கயிற்றின் முடிச்சை இளக்கவும் ஏலாது. பட்டி தொடையை வெட்டிக்கொண்டு நிற்கிறது. முகம் சிவந்து, பிறகு நீலமாய், பிறகு சாம்பலாய் வந்தது.

என் மனிசன் அடிமரத்தில் நின்றார். எங்களைக் கண்டதும் என்னைப் பார்த்தார்.

"ஐயோ, ஆரையும் கூப்பிடுங்கோவன்" என்றா அக்கா.

ஆரைக் கூப்பிடுவது? கிராமத்துக்கு நடக்க அரை மணித்தியாலம். போய் எந்தப் பாஷையில் சொல்வது? வேட்டைக்காரர் கத்துவதை நிறுத்திவிட்டு மூச்சு மட்டும் விட்டார். என் மனிசன் திரும்பவும் என்னைப் பார்த்தார். ஏறுங்கோ என்று நான் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கொட்டைப் பையைப் பிடித்தபடி நிலத்தைப் பார்த்தேன். இன்றைக்கும் என்னுடைய மனதுக்குள் கிடப்பது அந்த நிலம்தான்.

அவர் சப்பாத்தையும் மேஸையும் கழற்றினார். மேஸ் என்று காலுறையைச் சொல்வோம். பையில் கிடந்த சின்னக் கயிற்றை எடுத்துப் பாதத்தோடு அளந்து ஒரு வளையம் முடிந்தார். கண் மூடித் திறக்கிற நேரம் அதற்குப் போதும். விழுந்து கிடந்த கயிற்றைத் தோளில் போட்டார். மரத்தை அணைத்தார். பிறகு நான் பார்க்காமல் இருக்க முடியவில்லை. மூன்று வருடம் தரையில் தடுமாறி நடந்த மனிசன், அந்நிய நாட்டு மரத்தில் தன் வீட்டுப் படி போல ஏறினார்.

மேலே போய்க் கயிற்றை மரத்தைச் சுற்றிக் கட்டி, வேட்டைக்காரரின் சப்பாத்தைக் கையால் பிடித்து அந்த வளையத்துக்குள் வைத்தார். அந்த மனிசன் எழும்பி நின்றார், முடிச்சு இளகியது. பிறகு ஒவ்வொரு அடியாக, காலுக்குரியதை இவர் கீழே இறக்க, இடுப்புக்குரியதை அவர் இறக்க, இரண்டு பேரும் வந்து சேர்ந்தார்கள். வேட்டைக்காரர் இலைக்குள் படுத்துக்கொண்டு என் மனிசனின் கையை விடாமல் பிடித்திருந்தார். இவருடைய நெஞ்சுச் சட்டை முழுக்க மரப்பால்.

அக்கா அதைப் பார்த்தா. காலில் கிடந்த வளையத்தையும் பார்த்தா.

"அண்ணை நல்லா ஏறுறார்" என்றா. "சங்கக்கடையில உதும் பழக்குறவையோ?"

நான் கொட்டைப் பையின் வாயைக் கட்டினேன். திரும்பி வருகிற வழியில் அவ ஐந்தாறு அடி முன்னால் நடந்தா.

அடுத்த நாள் காலையில் குசினிக்குப் போனேன். எங்கள் சட்டி கழுவித் துடைத்துத் தனியாக இருந்தது. "எனக்கு வயிறு சரியில்லை பிள்ளை, கொஞ்ச நாளைக்கு நான் தனியச் சமைக்கிறன்" என்றா. அவவின் குரலில் கோபம் இல்லை. தேத்தண்ணீரும் தந்தா. ஒரு கடதாசிக் கோப்பையில்.

"கழுவுற கரைச்சல் இல்லை எண்டு வாங்கினனான்" என்றா.

அவவின் கையில் நீலப்பூக் கோப்பை இருந்தது. கடதாசியை மேசையில் வைத்துவிட்டு எழும்பிப் போயிருக்க வேண்டும். நான் யாருக்கும் தலை குனியாதவள் என்று சொல்லிக்கொள்கிறவள். ஆனால் குசினி ஒன்று, மாடி ஒன்று, வேறு இடம் கேட்டு நாங்கள் கொடுத்த அன்ராக் மனு ஒரு கந்தோரில் கிடந்து தூங்கியது. நின்றுகொண்டே குடித்தேன். சூட்டில் கடதாசி இளகிப் பிசுபிசுத்தது.

வேட்டைக்காரர் மான் தொடை ஒன்று கொண்டு வந்து தந்தார். நான் சமைத்தேன், நாங்கள் மட்டும் சாப்பிட்டோம். அதற்குப் பிறகு என் மனிசன் ஒளிக்கவில்லை. முற்றத்துக் கீபரில் பகல் வெளிச்சத்தில் ஏறிக் காட்டினார். கால்கயிற்றைக் கட்டையாக்கிக் கொடுத்தார். வேட்டைக்காரர் எல்லாக் கயிற்றையும் ஒரு கையில் தூக்கிப் பார்த்துச் சிரிப்பார். பாரமே இல்லை என்று காட்டுவார்.

"என்ரை தலையில கை வைச்சுச் சொன்னனீங்கள்" என்றேன் ஒருநாள்.

"ஓம். அந்த மனிசன் செத்திருந்தால் உம்மடை தலைக்கு நல்லதோ?"

நான் எழும்பிக் குசினிக்குப் போனேன். அவருக்கு வெளியே மரம் இருந்தது. எனக்குக் குசினி மட்டும்தான். பதினொரு மாதம் அப்படியே போயிற்று. பிறகு கொலோன் பக்கம் வீடு கிடைத்து வந்துவிட்டோம்.

இங்கே வந்ததும் நான் திருந்தினேனா? இல்லை. திரும்பவும் மனேச்சர் என்றேன். ஊர் நினைவில் இல்லாத வயதில் வந்த ஆறு பிள்ளைகளுக்கும் அதையே சொன்னேன், மரம் ஏறியது வேட்டைக்காரரிடம் பழகியது என்றேன், சம்பந்தம் பேச வந்தவர்களுக்கும் அதையே சொன்னேன். அவர் மறுக்கவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. எழும்பி மற்ற அறைக்குப் போய்விடுவார். போன மாசியில் கண்ணை மூடிவிட்டார். செத்தவீட்டில் அச்சடித்த நோட்டீசிலும் முன்னாள் சங்கக்கடை முகாமையாளர் என்று போட்டார்கள். நான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என்னால் வாய் திறக்க ஏலவில்லை.

இப்போதும் வாயால் சொல்ல ஏலாது. அதுதான் எழுதினேன். என் கண்ணுக்கு என் எழுத்தே தெரியவில்லை. பேத்தி சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், முன்னறையில் இருக்கிறாள். அவளுடைய தாய், என் மகள், குசினியில் நிற்கிறாள்.

"இஞ்சை வா பிள்ளை. இதை ஒருக்கா எனக்கு வாசிச்சுக் காட்டு. இடையில நிப்பாட்டி என்னை ஒண்டும் கேளாதை. பெலத்து வாசி, கொம்மாவுக்கும் கேக்கட்டும்."