‘கீ.தோ. 5’: ஒரு துவக்குக் கொப்பியின் கதை

கச்சேரி என்கிற மாவட்ட அரச அலுவலக வாசலில் மனு எழுதுகிறவனுக்கு ஊரார் பிரச்சினை எல்லாம் தெரியும், அவன் பிரச்சினையைக் கேட்கத்தான் ஆள் கிடையாது. பேனா பிடித்துப் பிழைக்கிற எவருக்கும் இது புரியும். தொண்ணூறுகளில் நான் இலங்கை மலைநாட்டில், பதுளையில் மேசை போட்டிருந்தேன். காட்டுப் பன்றியைச் சுடுவதற்கு லைசன்ஸ் எடுத்துத் துவக்கு வைத்திருந்தவர்கள் அதை விற்கும்போது என்னிடம்தான் கடிதம் எழுத வருவார்கள். யார் விற்றது, யார் வாங்கியது, துவக்கின் இலக்கம், விற்பதற்குக் கச்சேரி தரும் அனுமதிக் கடிதத்தின் இலக்கம், எந்த நாளில் எப்படிக் கொண்டுபோனது எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் பதிந்து, இருவரிடமும் கையெழுத்து வாங்கிவிடுவேன். அப்படிச் செய் என்று யாரும் சொல்லவில்லை. யுத்த காலத்தில் துவக்குக் காகிதம் ஒன்று பிழையாகிவிட்டால் அதை எழுதிய தமிழன்தான் முதலில் உள்ளே போவான் என்ற பயம்தான் காரணம்.

லீக்ஸ் மூட்டை

தேயிலைத் தோட்டமொன்றில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர், தன் துவக்கை வெலிமடை உருளைக்கிழங்குத் தோட்டக்காரர் ஒருவருக்கு விற்றார். அனுமதி வந்தாயிற்று. எப்படி அனுப்புவீர்கள் என்று கேட்டேன். லீக்ஸ் மூட்டைக்குள் செருகி வெலிமடை பஸ்ஸில் ஏற்றிவிடுவாராம். வழியெல்லாம் சோதனைச் சாவடி. லீக்ஸ் விளைகிற ஊருக்கே லீக்ஸ் மூட்டை போனால் மடையனுக்குக்கூடச் சந்தேகம் வராதா?

வாங்குகிறவர் தன் லைசன்ஸோடு நேரில் வந்து, கையெழுத்துப் போட்டு, அனுமதிக் கடிதத்தோடு எடுத்துப் போகவேண்டும் என்று அடித்துச் சொல்லிவிட்டேன். அவர் வந்தார். பெரிய கிளாக்கர் கடைசிக் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பேனாவை மேசையில் எறிந்தார். “எம் மக கல்யாணத்துக்குக்கூட நான் இத்தன கையெழுத்துப் போடலைங்க.”

கடைசி இரண்டு இலக்கம்

ஹாலிஎல ஊர்க் கடைக்காரர் ஒருவர் தன் துவக்கை விற்க லைசன்ஸை மட்டும் கொண்டுவந்து, அதிலுள்ள இலக்கத்தைப் பார்த்து எழுதச் சொன்னார். குழலில் வெட்டியிருக்கும் இலக்கத்தைப் பார்த்துக் குறித்து வந்தால்தான் எழுதுவேன் என்றேன். முணுமுணுத்துக்கொண்டு போனவர் மறுநாள் முகம் வெளுத்து வந்தார். கடைசி இரண்டு இலக்கமும் லைசன்ஸில் இடம் மாறியிருந்தன. அப்படியே விற்றிருந்தால், வாங்கியவன் லைசன்ஸ் இல்லாத துவக்கோடு பிடிபட்டிருப்பான்.

அதைத் திருத்த நான் எழுதிய கடிதங்கள் கொஞ்சமல்ல. ஒரு நன்றி? அவர் கேட்டது இதுதான்: “நீங்க பாக்காம விட்டிருந்தா அது சரியாத்தானே இருந்திருக்கும்?”

கீ.தோ. 5

ஒரு மத்தியானம் பொலிஸார் இருவர் வந்து கொப்பியையும் என்னையும் கொண்டுபோனார்கள். எவரெவரிடம் துவக்கு இருக்கிறது என்று ஒரு தமிழன் எழுதி வைக்கிறான் என யாரோ சொல்லிவிட்டார்கள். அவர்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாததால், தமிழ் தெரியுமென்று சொன்ன ஒருவரைக் கூப்பிட்டார்கள். இடம் போதாமல், தொழிலாளர் வரிசை வீடான ‘கீழ்த் தோட்டம், ஐந்தாம் லயம்’ என்பதை நான் ‘கீ.தோ. 5’ என்று எழுதியிருந்தேன். கீழே தோட்டா ஐந்து, அதாவது ஐந்து தோட்டா நிலத்தில் புதைத்திருக்கிறது என்று அந்த மனிதர் விளக்கினார். ‘மே.தோ. 12’ கூரைக்கு மேலே ஒளித்த பன்னிரண்டு தோட்டாவாம். விலாசமப்பா, விலாசம் என்று தொண்டை வற்றக் கத்தினேன். யார் கேட்டார்கள்?

மூன்று நாள் உள்ளே இருந்தேன். என் மனைவி கச்சேரிக்கும் பொலிஸுக்கும் நடையாய் நடந்தாள். கச்சேரியில் துவக்கு லைசன்ஸ் பார்க்கும் யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் தன் பதிவேட்டோடு வந்து, வரிக்கு வரி ஒப்பிட்டுக் காட்டினார். என் கொப்பியில் ஒரு பிழை இல்லை. விட்டார்கள், ஆனால் கொப்பியைத் திருப்பித் தரவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. வாசலில் வைத்து அந்த ஐயா சொன்னார்: “எல்லாம் வடிவாத்தான் எழுதியிருக்கிறீர் ஐசே, இனிமேல் முழுசா எழுதும்.”

கறையான்

வெளியே வந்து இரண்டு வாரத்தில், முந்திய வருஷம் துவக்கு வாங்கிய ஒருவர் ஓடிவந்தார். அவருடைய காகிதங்களைக் கறையான் தின்றுவிட்டதாம், வாங்கிய தேதியும் அனுமதிக் கடித இலக்கமும் உடனே வேண்டுமாம். என்னிடம் ஒன்றும் இல்லை என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “இவ்வளவு பெரிய வேல பாக்குறீங்க, ஒரு கொப்பியில எழுதி வச்சிருக்க வேணாமா?”

எழுதி வைத்தால் பொலிஸுக்குக் கோபம், இல்லாவிட்டால் வாடிக்கைக்காரருக்குக் கோபம், நான் கோபப்படுவதற்குத்தான் இன்றுவரை எவரும் அனுமதிக் கடிதம் தரவில்லை.