இடப்பக்கத்துச் சாவி

திருப்புளியின் முனையால் பிரேக் லைனிங்கைக் கீறிப் பார்த்தன மிக்கேலின் கைகள். கீறல் விழவில்லை. லைனிங் கண்ணாடிபோல இறுகிப் பளபளத்தது. மூக்கருகே கொண்டுபோனதும் கருகிய கொம்பு நாற்றம் அடித்தது. ஈஸ்டருக்கு முன்பு அதே கைகள் ரிவெட் அடித்துப் பொருத்திய லைனிங். இன்னும் ஓணம் வரவில்லை.

"மட்டமான சரக்கா இருக்கும் மச்சான்" என்றான் சுவக்கீன், தோட்டத் தொழிலாளர் லயத்துச் சுவரில் சாய்ந்து பீடி இழுத்தபடி.

மிக்கேல் லைனிங்கைக் கீழே வைத்துவிட்டு அடுத்த நட்டைக் கழற்றினான். பீர்மேட்டுப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் அவன் ஃபிட்டர். யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. தேயிலை உருட்டும் ரோலர் பழுதாகி நின்றபோதெல்லாம் மற்ற ஃபிட்டர்களின் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்துக் கற்றது. கழற்றும் ஒவ்வொரு நட்டையும் மண்ணெண்ணெயில் கழுவி, கழற்றிய வரிசையிலேயே சாக்கின்மேல் வைப்பான். கோபம் வந்தால் இன்னும் மெதுவாகக் கழுவுவான். அன்று மிக மெதுவாகக் கழுவினான்.

எஸ்டேட்டில் கழித்துவிட்ட பழைய பிக்கப் அது. சுவக்கீன் அதை வாங்க, லயத்து வாசலில் வைத்து மிக்கேல்தான் அதை ஓடவைத்தான். இஞ்சி மூட்டையோடு முண்டக்கயம் சந்தைக்கு இறங்கும், அரிசி மூட்டையோடு ஏறும். கணக்குப் பார்க்க சுவக்கீனின் மனைவி கத்தரீனாளும் கூடப் போவாள். அவள் மிக்கேலின் ஒரே தங்கை.

"கத்தரீனா, இங்க வா. இறக்கத்துல இவன் என்ன செய்வான்?"

அவள் புருஷனை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "குட்டிக்கானம் தாண்டினதும் சுவிட்ச அணைச்சு நியூட்ரல்ல விட்ருவாருண்ணே. பெட்ரோல் விக்கிற வெலையில..."

"அப்ப நீ என்ன செய்வ?"

"செபமால சொல்லிட்டு வருவேன்."

"மாதா என்ன, பிரேக்கப் பிடிச்சிட்டு வாறாளா?"

எஞ்சின் ஓடி, வண்டி கியரில் இருந்தால் இறக்கத்தில் எஞ்சினே பாதிப் பாரத்தைத் தாங்கிப் பிடிக்கும். அணைத்துவிட்டால் எல்லாம் பிரேக்கின் தலையில். கருகிய லைனிங் ஒருநாள் பிடிக்காமலே போகும். அந்தச் சாலையில் வளைவுக்கு வளைவு பள்ளம்.

"மலையில வண்டி ஓட்டுத எல்லாவனும் செய்யுததுதான்" என்றான் சுவக்கீன்.

"எல்லாவனும் என் தங்கச்சிய ஏத்திட்டுப் போகலையே."

"சரி, இனிமே செய்யல. விடும்."

"நீ சொல்லாண்டாம். செய்ய முடியாதபடி நான் ஆக்கித் தாறேன்."

புது லைனிங் ஏறியது. உப்புத்தாள் போட்டு, பிரேக் டிரம்மில் விழுந்திருந்த வரிகளைத் தேய்த்தான். பிறகு யாரும் கேட்காத ஒரு வேலையில் இறங்கினான். ஸ்டியரிங் அருகில் இருந்த சாவி சுவிட்சைக் கழற்றி, அந்த ஓட்டையைத் தகரத்தால் அடைத்தான். வயரை நீட்டி, சைக்கிள் டியூபுக்குள் நுழைத்து, இடது கதவோரம் ஒரு இரும்புப் பட்டையில் சுவிட்சை முடுக்கினான். ஓட்டுகிறவனுக்கு அது கைக்கெட்டாது.

சுவக்கீனுக்கு அப்போதுதான் புரிந்தது. "பொம்பள கையில சாவி இருந்தா சந்தையில சிரிப்பானுவ."

"சிரிக்கட்டும். அதக் கேக்க நீ உசுரோட இருக்கணும்லா."

"நான் முண்டக்கயத்துல வேற ஒர்க்‌ஷாப்புல காட்டிக்கிடுதேன்."

"தாராளமாக் கொண்டு போ." மிக்கேல் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான்கு சக்கரங்களும் இன்னும் லயத்துச் சுவரில்தான் சாய்ந்திருந்தன.

சக்கரங்களை மாட்டி முடித்ததும் தங்கையிடம் திரும்பினான். அவள்மீதும் கோபம் தணிந்திருக்கவில்லை. "இவனுக்குப் பாவம் பாத்து இறக்கத்துல நீயே அணைச்சிராத."

"மாட்டேண்ணே."

"எஞ்சின் ஓடயில நியூட்ரல்ல விட்டா?"

"சத்தம் அடங்கும்லா. தெரியும். ஊரே கேக்கக் கத்துவேன்."

சாவியைத் துணியால் துடைத்து அவள் உள்ளங்கையில் வைத்தான்.

சுவக்கீன் ஏறி உட்கார்ந்து, தரையில் இருந்த, காலால் மிதிக்கும் ஸ்டார்ட்டர் கட்டையின் மேல் காலை வைத்துக் காத்திருந்தான். "போடுளா."

கத்தரீனாள் அவசரப்படவில்லை. ஏறி உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்தாள். கதவை அடைத்தாள். அதற்குப் பிறகுதான் சாவியைத் திருப்பினாள்.