அடுப்பை அணைச்சியா

ஹெட்போனைக் கழற்றிய பிறகு ஐந்து நிமிடம் வெண்டல் புரூசாக் வாயைத் திறக்கவில்லை. விஸ்கான்சினில், கச்சேரிக்கு வந்தவர்கள் கார் நிறுத்தும் அந்த மைதானத்தில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. அவர் ஐந்து நிமிடம் பேசாமல் இருந்து பார்த்தவர்களும் கிடையாது.

"தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள் ஒலிப்பதிவுக்காரி மார்னி.

அவருக்கு அது காதில் விழவில்லை. அவளுடைய வேனின் பின்கதவு திறந்திருந்தது. வெளியே மத்தியான வெயிலில் சாயம் தோய்த்த சட்டைகள் கொடியில் ஆடிக்கொண்டிருந்தன. டிக்கெட் இல்லாத ஒருவன், யாரிடமாவது ஒன்று மிச்சமிருக்கிறதா என்று ஒற்றை விரலை உயர்த்திக் காட்டிக்கொண்டு கார்களுக்கு நடுவே நடந்து போனான். எல்லாம் எப்போதும்போல்தான் இருந்தது. வெண்டல் மட்டும் கழற்றிய ஹெட்போனை மறுபடி எடுத்துக் காதில் மாட்டினார்.

"மறுபடி போடும்மா," என்றார்.

"நாலு தடவை போட்டாச்சு, வெண்டல்."

"அஞ்சாவது தடவை போடு."

அவர் யார் என்று சொன்னால்தான் விழுந்த அடி எவ்வளவு பெரியது என்று தெரியும். சும்மா சொல்லக்கூடாது, தன் கையை ஊன்றித் தானே எழுந்த மனிதர். ஈரி நகரத்துக்காரர். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவரை விட்டது, அவரும் அதை விட்டார். கூரை போடும் வேலைக்குப் போய், இருபத்தாறு வயதில் சொந்தமாக ஒரு லாரி வாங்கி, நாற்பதில் நான்கு லாரியின் பக்கவாட்டிலும் தன் பெயரை எழுதிப் பார்த்தவர். அந்தப் பெயரைவிட அவருக்குப் பெருமையான பெயர் ஒன்று உண்டு. டின் ஆர்ச்சர்ட் குழுவின் ரசிகர்கள் நடுவே அவர் 'டேப்காரர் வெண்டல்'.

டின் ஆர்ச்சர்ட் ஐந்து பேர். ஒரு பாட்டை நேற்று வாசித்தபடி இன்று வாசிக்காதவர்கள். ஐந்து நிமிடப் பாட்டு எந்த ஊரில் முக்கால் மணி நேரமாக நீளும் என்று அவர்களுக்கே தெரியாது. அதனால்தான் ஜனங்கள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு ஊர் ஊராக அவர்கள் பின்னால் போகிறார்கள். தவறவிட்ட கச்சேரி தவறவிட்டதுதான், டேப்காரர் யாராவது பிடித்து வைத்திருந்தால் ஒழிய. குழுவே அதற்கு அனுமதி கொடுத்து, கூட்டத்தின் நடுவே இருக்கும் ஒலிக்கருவி மேடைக்குப் பின்னால் தனி இடமும் ஒதுக்கியிருந்தது.

வெண்டல் அறுநூற்றுப் பன்னிரண்டு கச்சேரி பிடித்தவர். கூரை ஏணியின் அலுமினியக் காலை அறுத்து, ஒன்பது அடி உயரத்துக்கு மைக் கம்பம் செய்தது அவரே. மைக்கிலிருந்து வரும் சத்தத்தைப் பெருக்கும் பெட்டியை, நாலு பழைய பெட்டிகளைப் பிரித்துப் பார்த்துத் தானாகவே கட்டினார். "இன்ஜினியருக்குப் படிச்சவன் ஆயிரம் பேர் இருக்கான். காதுள்ளவன் நான் ஒருத்தன்தான்," என்று சொல்வார். அதை மறுத்துப் பேசியவர்களும் வீட்டுக்குப் போய் அவருடைய டேப்பைத்தான் கேட்டார்கள்.

அவருக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. கம்பத்தைச் சுற்றிப் பத்தடிக்குள் யாரும் பேசக்கூடாது. ஒரு நீதிபதியை அடக்கியிருக்கிறார். பனிக்குடம் உடைந்துவிட்டது என்று புருஷனிடம் சொன்ன கர்ப்பிணியிடமே, "அந்தப் பக்கம் போய்ச் சொல்லும்மா," என்று விரலைக் காட்டியிருக்கிறார்.

தொண்ணூற்றேழில் வெர்மான்ட் மலைச்சரிவில் நடந்த கச்சேரியை அறியாத ரசிகர் இல்லை. அன்று 'உப்பு ஏணி' என்ற பாட்டை நாற்பத்தோரு நிமிடம் வாசித்தார்கள். இருபத்து மூன்றாம் நிமிடத்தில் மற்ற நால்வரும் கையை எடுத்துவிட, கிட்டார்க்காரர் ஒரே தந்தியை மூச்சு விடுவதுபோல் தொட்டுக்கொண்டிருந்தார். பதினோராயிரம் பேர் அசையவில்லை. புல்லில் பூச்சி கத்தும் சத்தம்கூட டேப்பில் இருக்கிறது. அந்த நேரத்தில்தான், துல்லியமாக, ஒரு ஆண் குரல்:

"அடுப்பை அணைச்சியா?"

வெண்டல் அப்போது கண்ணை மூடிக்கொண்டு, ஹெட்போனில் டேப்பைக் கவனித்துக்கொண்டு நின்றார். குரல் ஹெட்போன் வழியாக, வெளியிலிருந்து வந்தது. யாரோ ஒரு முட்டாளின் குரல். கண்ணைத் திறந்தார். பக்கத்தில் நின்றவன் ராய்ஸ் டிட்வெல். சிறு வயதிலிருந்து நண்பன், கூரை வேலையில் முதல் கூட்டாளி, மத்தியானம் காருக்குப் பின்னால் காஸ் அடுப்பில் ரொட்டி சுட்டவன். ராய்ஸ் வாயைப் பிளந்துகொண்டு வெண்டலைப் பார்த்தான். திருட்டு முழி என்று வெண்டல் முடிவு கட்டினார்.

கச்சேரி முடிந்ததும் ராய்ஸ் ஏதோ சொல்ல வந்தான். வெண்டல் காது கொடுக்கவில்லை. அவனை வெர்மான்டிலேயே விட்டுவிட்டு ஈரிக்கு வண்டி ஓட்டினார். டேப் நாடு முழுக்கப் பரவியது, அந்தக் குரலும் பரவியது. 'அடுப்பை அணைச்சியா?' என்று சட்டையில் அச்சடித்தார்கள். பாட்டுக்கு நடுவே அமைதி வந்தால் எவனாவது அதைக் கத்துவான், கூட்டம் சிரிக்கும். யார் குரல் என்று கேட்டவர்களுக்கெல்லாம் வெண்டல் சலிக்காமல் பதில் சொன்னார். அன்றிலிருந்து ராய்ஸின் பெயர் 'அடுப்பு'. டேப்காரர்கள் வட்டத்துக்குள் அவனைச் சேர்க்கவில்லை. மைக்குகளை விற்றுவிட்டு, அதே மைதானங்களில் மேஜை போட்டு சீஸ் ரொட்டி சுட்டு விற்றுக்கொண்டு, இருபத்தாறு வருடமாகக் குழுவின் பின்னாலேயே வந்துகொண்டிருந்தான். முதல் சில மாதங்களுக்குப் பிறகு இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

இப்போது குழு அந்தக் கச்சேரியைத் தானே வெளியிடுகிறது. வெண்டலின் டேப்பைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அதைச் சுத்தம் செய்யும் பொறுப்பு மார்னி சோல்பெர்க்குடையது, குழுவின் ஒலிப்பதிவு வேலைகளைப் பார்ப்பவள். அன்று மத்தியானம் அவள் கூப்பிட்டனுப்பியபோது, பாராட்டத்தான் கூப்பிடுகிறாள் என்று வெண்டல் வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு போனார்.

"நெவில் க்ரௌஸை ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள் அவள்.

"எனக்கு முன்னாடி நிப்பானே. ஒரு மைக்கைக் கூட்டத்தைப் பாத்துத் திருப்பி வைக்கிற கிறுக்கன். மேடை அந்தப் பக்கம் இருக்குன்னு நானே எத்தனை தடவை சொல்லியிருக்கேன்."

"போன குளிர்ல தவறிட்டாரு. அவரோட டேப் பெட்டியெல்லாம் அவரு மனைவி எங்களுக்குக் குடுத்துட்டாங்க. வெர்மான்டும் அதுல இருந்துச்சு. இதைக் கேளுங்க."

நெவிலின் திருப்பிய மைக் ஆறடி பின்னால் நின்ற வெண்டலை நேராகப் பார்த்திருக்கிறது. அதே கிட்டார், அதே பூச்சிச் சத்தம். பிறகு, வெண்டலின் உயரமான மைக்குகளுக்கு எட்டாமல் தாழ்ந்து போன ஒரு சொல் முதலில் வந்தது.

"ராய்ஸ்... அடுப்பை அணைச்சியா?"

அடுத்து, மெல்லிய கிசுகிசுப்பாக ராய்ஸின் குரல்:

"உஷ்ஷ். வெண்டல், மைக்குடா."

ஐந்தாவது தடவையும் அதுவேதான் வந்தது. வெண்டல் ஹெட்போனை மடியில் வைத்துக்கொண்டு வேனின் தரையைப் பார்த்தார். பாட்டில் தன்னை மறந்து நின்றபோது வாய் அவர் அறியாமலே பேசியிருக்கிறது. தன் குரல் அப்படியா இருக்கும். மூக்கால் பேசும் அந்தக் கிழட்டு வாத்துக் குரலை இருபத்தாறு வருடம் எத்தனை பேருக்கு முன்னால் கேலி செய்து நடித்துக் காட்டியிருக்கிறார். காதுள்ள ஒரே மனிதர்.

"இதை நீங்களும் நானும்தான் கேட்டிருக்கோம்," என்றாள் மார்னி, அவர் முகத்தைப் பார்க்காமல். "நாலு மணிக்கு நான் இதை அனுப்பியாகணும். ரெண்டு டேப்பையும் சேத்து அந்தப் பேச்சை மொத்தமா எடுத்துட முடியும். பாட்டு சுத்தமா இருக்கும். இல்ல பழைய மாதிரி கேள்வியை மட்டும் அப்படியே விடலாம், ஜனங்களுக்குப் பழகின ஜோக்குதானே. இல்ல அந்தப் பேரு, கேள்வி, உஷ்ஷு, மூணையும் அப்படியே விடலாம். உங்க டேப், நீங்க சொல்லுங்க."

"மூணாவது வேண்டாம்," என்றது வெண்டலின் வாய், அவரைக் கேட்காமலே.

"சரி."

"இரு. எதையும் தொடாதே. வந்துடறேன்."

மணி இரண்டே முக்கால். மைதானத்தின் கடைக்கோடியில் ராய்ஸின் மேஜை. ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். ராய்ஸ் தோசைக்கல் அகலத்துக்கு இருந்த கல்லில் ரொட்டியை அமுக்கிக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. இவ்வளவு கிட்டத்தில் வெண்டல் அதைப் பார்த்தது இன்றுதான்.

"வரிசையில வா," என்றான் ராய்ஸ், நிமிராமல்.

"ராய்ஸ். நான்."

"யாரா இருந்தாலும் வரிசைதான். உன் கம்பத்துக்கு நீ ராஜா. என் கல்லுக்கு நான்."

வெண்டல் வரிசையில் நின்றார். அறுபத்தெட்டு வயதில், வெள்ளைச் சட்டையில், எட்டாவது ஆளாக. முறை வந்ததும் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், டேப்பில் கேட்டதை அப்படியே சொன்னார். நெவிலின் மைக், முதல் சொல், கிசுகிசுப்பு, வேனில் காத்திருக்கும் மார்னியின் நாலு மணிக் கெடு, எல்லாம். ராய்ஸ் அதிர்ந்து போவான், கல்லில் ரொட்டி கருகும் என்று வரும் வழியெல்லாம் நினைத்திருந்தார்.

ராய்ஸ் ரொட்டியைத் திருப்பிப் போட்டான்.

"தெரியுமே," என்றான்.

"என்ன தெரியும்?"

"நீதான்னு. பக்கத்துல நின்னவனுக்குத் தெரியாதா? நீ கேட்ட, நான் அடக்கினேன். அப்புறம் நீ கண்ணைத் திறந்து என்னை முறைச்சியே, அப்பதான்டா எனக்குத் தூக்கி வாரிப்போட்டது. விளையாடறியாக்கும்னு நினைச்சேன்."

"பின்ன ஏன்டா சொல்லல?"

"சொன்னேனே. கார்கிட்ட ஒரு தடவை. உன் வீட்டுக்குப் போன் போட்டு ஒரு தடவை. டொலீடோ கச்சேரில எல்லார் முன்னாடியும் ஒரு தடவை. 'என் காதை விடவா உன் பேச்சு?'ன்னு கேட்ட. எல்லாரும் உன்னையே நம்பினாங்க. நீ கூரை முதலாளி, டேப் ராஜா. நான் ரொட்டி சுடறவன்."

வெண்டலுக்கு டொலீடோ ஞாபகம் வந்தது. அந்த வாசகத்தைச் சொன்னதும் தான்தான். கூட்டம் சிரித்ததும், அந்தச் சிரிப்பு தனக்கு இனித்ததும் ஞாபகம் வந்தது.

"நான் இப்ப என்ன செய்யணும்?"

"பின்னாடி நிக்கிறாங்க பாரு. அவங்ககிட்ட சொல்லு. எங்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம், எனக்குத்தான் தெரியுமே."

வெண்டல் திரும்பினார். வாழ்நாளில் கூட்டத்தைப் பார்த்துப் பேச அவர் தயங்கியதில்லை. "கேளுங்கப்பா," என்றார். "வெர்மான்ட் டேப்புல வர்ற குரல் இவன் குரல் இல்ல. அது நான். அடுப்பு நான்தான்."

வரிசை சிரித்தது.

"பெருசு மனசு இளகிட்டாரு," என்றாள் முன்னால் நின்ற ஒருத்தி, நாற்பது வயதிருக்கும். அவள் சட்டையிலேயே அந்தக் கேள்வி எழுதியிருந்தது. "பழைய சிநேகிதனுக்காகப் பழியை ஏத்துக்கிறாரு. நல்லா இருங்கண்ணே."

"பழி இல்லம்மா, நிஜம். டேப் கிடைச்சிருக்கு."

"டேப்காரர் வெண்டல் கச்சேரில பேசினாராம்," என்றான் அவள் பின்னால் நின்றவன். "எங்க அக்கா புள்ளை தும்மினதுக்கே வெளிய அனுப்பின ஆளுண்ணே நீங்க. வேற யார்கிட்டயாவது சொல்லுங்க. அடுப்பண்ணே, எனக்கு ரெண்டு ரொட்டி, வெங்காயம் போட்டு."

வெண்டல் ராய்ஸைப் பார்த்தார். ராய்ஸ் முகத்தில் கோபமில்லை, வியப்பும் இல்லை. வெங்காயத்தை எடுத்துக் கல்லில் போட்டான்.

"பாத்தியா," என்றான் தாழ்ந்த குரலில். "இருபத்தாறு வருஷமா இப்படித்தான். நிஜத்தைச் சொன்னா சிரிப்பாங்க. நீ சொன்னா நம்புவாங்கன்னு நான்கூட நினைச்சிருந்தேன்."

அந்தக் கடைசி வாக்கியம்தான் வெண்டலைத் தாக்கியது. தான் வந்து சொல்லும் ஒரு நாள் வரும் என்று இவன் காத்திருந்திருக்கிறான். அது வந்தும் பயனில்லாமல் போயிற்று. இவ்வளவு கெட்டியாகப் பொய்யைக் கட்டியதும் தன் கைதான். கூரை போட்டால் முப்பது வருடம் ஒழுகாது என்று பெருமையடித்த கை.

மணி மூன்றரை தாண்டியிருந்தது. "மன்னிச்சுடுடா" என்று சொல்ல வாயெடுத்தார். ராய்ஸ் கரண்டியால் வேனிருக்கும் பக்கம் காட்டினான்.

"அதை அப்புறம் பாக்கலாம். இங்க நின்னு என் வியாபாரத்தைக் கெடுக்காதே."

வெண்டல் ஓடினார். ஓட்டம் என்று சொல்ல முடியாது, முழங்கால் இரண்டும் ஏணியில் தேய்ந்தவை. கொடிகளுக்கு அடியில் குனிந்து, நாய்க்கயிறுகளைத் தாண்டி, கூப்பிட்டவர்களுக்குப் பதில் சொல்லாமல் வேனுக்கு வந்து சேர்ந்தபோது வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மார்னி கணினியில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"மூணையும் அப்படியே விடு," என்றார் மூச்சிரைக்க.

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். எதுவும் கேட்காமல் நெவிலின் டேப்பை அவருடைய டேப்போடு இணைத்து ஓட விட்டாள். கிட்டார் தந்தி, பூச்சி, ராய்ஸ், அடுப்பு, உஷ்ஷ்.

"அந்த 'ராய்ஸ்' சரியா கேக்கல. சத்தத்தைத் தூக்கு."

தூக்கினாள்.

"இன்னும். காருக்குள்ள ஓடற டேப்புலயும் கேக்கணும். அவன் என்னை அடக்கறானே, அதையும் தூக்கு. என் பேரு தெளிவா விழணும்."

"வெண்டல், இதுக்கு மேல தூக்கினா கிட்டார் உள்ள போயிடும். அந்த இடமே போயிடும். அதுக்காகத்தானே ஜனங்க இதை வாங்கறாங்க. பாட்டு கெட்டுடும்."

வெண்டல் ஹெட்போனைக் காதில் அழுத்திக்கொண்டார். அந்த ஒற்றைத் தந்திக்காகத்தான் வெர்மான்ட் வரை கம்பத்தைத் தோளில் சுமந்து போனார்.

"கெடட்டும்," என்றார். "தூக்கு."