கரண்ட் போனால்தான் பாட்டு

பவர்லூம் ஓடுகிற வீட்டில் யாரும் வாயால் பேசுவதில்லை என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். எங்கள் ஆரணிக்கு வந்து ஒரு நாள் தறிக்குப் பக்கத்தில் நின்று பார்க்கட்டும், அப்புறம் பேசலாம். காதில் வாய் வைத்துக் கத்தினாலும் விழாது. டீ வேண்டும் என்றால் ஒரு ஜாடை, சாப்பிட வா என்றால் ஒரு ஜாடை. நூல் அறுந்துவிட்டது என்றால் இரண்டு விரலைச் சேர்த்துவைத்துச் சட்டென்று பிரித்துக் காட்டுவார்கள். ஹேமலதா அக்கா தொண்ணூற்று நான்கில் கல்யாணமாகி அப்படி ஒரு வீட்டுக்குள் வந்தார். ஜாடை எல்லாம் சீக்கிரமே பழகிவிட்டது.

நான் ராமதாஸ். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். அக்காவுக்கு வெப்சைட் செய்து கொடுத்தவன் நான்தான். 'அந்தப் பொம்பளைக்குப் பேராசை, அதான் இப்படி ஆச்சு' என்று இப்போதும் கடைத்தெருவில் சிலர் பேசுவதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பேராசையாவது மண்ணாங்கட்டியாவது! சங்கீத டீச்சர் பரீட்சை பாஸ் பண்ணிவிட்டு, மாடி அறையில் தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவர். பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் கணக்கு டியூஷனுக்கு ஓடிப்போக, கடைசியில் பாய் மட்டும் விரித்துக் கிடந்தது. பாடாமல் இருக்க அவரால் முடியாது, அவ்வளவுதான்.

இரண்டாயிரத்து நாலில் ஒரு நாள் அக்கா என் சென்டருக்கு வந்தார். அவரிடம் படித்த சுகன்யா கல்யாணமாகி சிங்கப்பூரில் இருந்தாள். தன் மகளுக்கு கம்ப்யூட்டர் வழியாகப் பாட்டுச் சொல்லித் தர முடியுமா என்று கேட்டு மெயில் போட்டிருந்தாள். அப்படித்தான் ஆரம்பம். சரளி வரிசையிலிருந்து ஒவ்வொரு பாடமாகப் பதிவு செய்து வெப்சைட்டில் ஏற்றினோம். கொஞ்ச நாளில் துபாய், லண்டன் என்று எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் சேர்ந்தார்கள். மைக், கேமரா வைத்து நேரடிக் கிளாசும் நடந்தது. கூடவே ஒரு கேள்வியும் வந்தது. பின்னால் ஏதோ ரயில் ஓடுகிறதே, அது என்ன?

"இன்னா சத்தம் தம்பி? எனக்கு ஒண்ணும் கேக்கலியே" என்றார் அக்கா. கீழே மூன்று தறி வீடு அதிர ஓடிக்கொண்டிருந்தது. அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பத்து வருஷத்தில் காது அதற்குப் பழகிப்போயிருந்தது.

அவர் வீட்டுக்காரர் தனசேகரன் அண்ணன் தங்கமான மனுஷன். கிளாஸ் நேரத்தில் தறியை நிறுத்துகிறேன் என்றார். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. தறி நின்றால் அடுப்பு எரியாது, மாமனார் மாமியாரிலிருந்து கூலிக்கு வருகிறவர் வரை அதை நம்பித்தான் இருந்தார்கள். இதில் இன்னொரு பேஜார். கரண்ட் இருந்தால் தறி கத்தும். கரண்ட் போனால் ஊரே அமைதியாகிவிடும், ஆனால் கம்ப்யூட்டரும் அணைந்துவிடும். அதற்காக ஒரு யுபிஎஸ் வாங்கி வைத்தேன். கொஞ்ச நேரம் தாங்கும். அண்ணன் கீழேயிருந்து குரல் கொடுப்பார்:

"ஹேமா! கரண்ட்டு பூட்ச்சு, பாடிக்கோ!"

கரண்ட் போனதற்குச் சந்தோஷப்பட்ட ஒரே வீடு ஊரில் அதுதான். மற்ற நேரமெல்லாம் அக்கா சத்தத்துக்கு மேலே ஏறித்தான் பாட வேண்டியிருந்தது. ஐந்து கட்டை சுருதியில் பாடுகிறவர் ஆறு கட்டைக்குப் போனார். கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நிற்கும். பார்க்கவே எனக்குப் பயமாக இருக்கும்.

முதலில் காலையில் குரல் எழும்பவில்லை. மிளகுப் பால், பனங்கற்கண்டு என்று சமாளித்தார். பிறகு மத்தியானம் வரை எழும்பவில்லை. வேலூரில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு, தொண்டைக்குள் காய்ப்புக் காய்த்திருக்கிறது, மூன்று மாதம் வாயே திறக்கக் கூடாது, மீறினால் பேச்சே போய்விடும் என்று சொல்லிவிட்டார். வீட்டில் ஜலதோஷம் என்று சொல்லியிருந்தார் அக்கா. என்னிடம் மட்டும் உண்மையைச் சொன்னார், கரகரவென்று.

"மூணு மாசம் மூடினா புள்ளைங்க வேற சைட்டுக்குப் பூடும் தம்பி. அவருக்குத் தெரிஞ்சா தறியவே வித்துடுவாரு. வாயத் தெறந்துடாத."

"தொண்ட போனா சைட்டு மட்டும் இன்னாத்துக்குக்கா?" என்று கத்தினேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இரண்டாயிரத்து எட்டில் தினமும் கரண்ட் கட் ஆன காலம். ஒரு சாயங்காலம் மோடம் வேலை செய்யவில்லை என்று ஆள் அனுப்பினார். சரி செய்துவிட்டு மாடியிலேயே உட்கார்ந்திருந்தேன். சிங்கப்பூர்ப் பிள்ளை சுபத்ராவுக்கு, அதான் சுகன்யா மகளுக்கு, கிளாஸ் ஆரம்பமானது. அக்காவின் குரல் கணீரென்று கேட்டது. திரும்பிப் பார்த்தால் அக்காவின் உதடு அசையவே இல்லை. பழைய பதிவைப் போட்டுவிட்டு, கேமராவை அணைத்து, கம்ப்யூட்டர் முன்னால் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

எத்தனை நாளாக என்று கேட்டேன். இரண்டு கையையும் விரித்து, மூடி, மறுபடி விரித்தார். இருபது நாள். அத்தனை நாளும் அந்த வீட்டில் சமைத்து, பரிமாறி, கணவரோடு ஜாடையிலேயே குடும்பம் நடத்தியிருக்கிறார். தறி நின்ற நேரத்துக்கு அந்த ஜலதோஷம் கைகொடுத்திருக்கிறது. பேச்சு நின்றுபோனது ஒருவருக்கும் தெரியவில்லை.

அப்போது ஸ்பீக்கரில் அந்தப் பிள்ளை கேட்டாள்.

"மிஸ், நேத்து இருமின அதே இடத்துலயே இன்னிக்கும் இருமுறீங்களே?"

அக்கா அவசரமாகப் பதிவை நிறுத்தினார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. கீழே மூன்று தறியும் நின்றன. தெருவே ஓய்ந்தது. யுபிஎஸ் மட்டும் கீச்சிட்டுக்கொண்டிருந்தது.

"ஹேமா! கரண்ட்டு பூட்ச்சு, பாடிக்கோ!"

"மிஸ், சத்தம் நின்னுடுச்சு. இப்ப நீங்க பாடுங்க" என்றாள் பிள்ளை.

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். தொடையில் தாளத்துக்குக் கை வைத்தார். வேண்டாம் என்று நான் தலையாட்டியதைப் பார்க்கவில்லை. வாயைத் திறந்தார். வெறும் காற்று வந்தது. மறுபடி முயன்றார். அதுகூட வரவில்லை.

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே படியேறி வந்த அண்ணன் வாசலில் நின்றார். "இன்னா, பாடலியா? கரண்ட்டு திருப்பி வந்துடப் போவுது" என்று சிரித்தார்.

அக்கா அவர் பக்கம் திரும்பி, ஒரு கையால் தொண்டையைத் தொட்டார். மறு கையில் இரண்டு விரலைச் சேர்த்துவைத்துப் பிரித்துக் காட்டினார்.

அண்ணன் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே செத்துப்போனது.

"மிஸ், இருக்கீங்களா?"

அதுவரை அந்தக் கம்ப்யூட்டர் பக்கமே வராத அண்ணன் மைக்கின் முன் குனிந்து, "இருக்காங்கம்மா" என்றார். பிறகு கீழே இறங்கிப் போனார்.

பொழுது சாய்ந்ததும் கரண்ட் வந்தது. லைட் எரிந்தது, ஃபேன் சுற்றியது. அக்கா தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்துக்கொண்டே இருந்தார். கீழே தறி ஓடவில்லை.