மகிழ்ச்சி இருந்த இடத்தில் பொறுமை

வுயோ எனக்குப் பக்கத்தில் நின்று ஆல்ட்டோ என்கிற பெண்களின் தாழ்குரலில் பாடுபவள். தென்னாப்பிரிக்காவில் எங்கள் ஊரான கோமானியின் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் கோப்புகளை எடுத்துக் கொடுக்கிற வேலை. எங்கள் கோசா மொழியில் அவள் பெயருக்கு மகிழ்ச்சி என்று அர்த்தம்; வாக்கியத்தில் சொல்லாக வரும்போது முன்னால் ஒரு 'உ' சேரும். ஆளைப் பார்த்தால் அப்படித் தெரியாது, யார் மேலாவது சிடுசிடுத்துக்கொண்டே இருப்பாள். எனக்கு அவளைப் பிடிக்கும்.

எங்கள் பாடகர் குழுவில் நாற்பது பேர். ஐந்து கோட்டில் எழுதிய சுரத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் மூன்றே பேர். மற்றவர்களுக்கு டோ, ரே, மி என்று எழுத்தில் வேண்டும். வருஷாவருஷம் மாகாணப் பாட்டுப் போட்டி நடத்துகிறவர்களோ ஒரே தாளில் இரண்டையும் கேட்பார்கள். பாட்டின் நடுவில் சுருதி மாறினால் டோ இடம் பெயரும், அதற்குப் பிறகு எழுத்தெல்லாம் மாறும். கையால் எழுதினால் கண் போய்விடும்.

தட்டச்சு செய்ததைச் சுரத்தாளாக அச்சிடும் மென்பொருள் ஒன்று உண்டு. வுயோ மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதற்குள் சொந்தமாக ஒரு கட்டளை எழுதினாள். சுரத்தை ஒருமுறை தட்டினால் போதும், கோடும் எழுத்தும் தானாக வரும். அந்தக் கட்டளைக்குத் தன் பெயரையே வைத்தாள்.

"சுருதி மாறுற இடத்துல ஒரே சுரத்துக்குப் பழைய எழுத்தும் புது எழுத்தும் சேர்ந்து வரணும்க்கா. அதுக்கே நாலு மாசம் ஆச்சு. அச்சாகும்போது தாளோட அடியில என் பேரு வரும், பாரு. மாகாணம் முழுக்கப் போகும்!" என்றாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஒரு பெரியவரின் நோட்டிலிருந்து, இந்த வருஷம் எல்லாக் குழுவும் போட்டியில் பாட வேண்டிய, அதுவரை யாரும் பாடியிராத கல்யாணப் பாட்டை அப்படித் தட்டி, குழுவை நடத்தும் மோண்டே வாத்தியாரிடம் கொடுத்தாள்.

"ஒரு பார்வை பார்த்துட்டுப் போட்டிக்காரங்களுக்கு அனுப்பிடறேன், தங்கச்சி" என்றார் அவர்.

அச்சான தாள் வந்தது. அடியில், 'எழுத்துச் சுர அமைப்பு: மோண்டே'. ஆஸ்பத்திரி வேலையால் மூன்று வாரம் ஒத்திகைக்கு வராத வுயோ, திரும்பி வந்த அன்றுதான் அதைப் பார்த்தாள். பாட்டு வரியில் விரலை வைத்து என்னிடம் காட்டினாள்.

"இங்க என்னக்கா போட்டிருக்கு?"

"உமோண்டே வந்தது நம்ம வீட்டுக்கு. பொறுமை வந்தது. ஏன்?"

"நான் தட்டினது உவுயோ. மகிழ்ச்சி வந்ததுன்னு. என் பேரை எடுக்க, கோப்பு முழுக்க வுயோவை மோண்டேன்னு ஒரே சொடுக்குல மாத்தியிருக்காரு. பாட்டும் அதே கோப்புலதானே இருக்கு! அதையும் சேர்த்து முழுங்கிட்டாரு."

கல்யாண வீட்டுக்குப் பொறுமை வந்ததாம்! மூன்று வாரமாக உருகி உருகிப் பாடியிருக்கிறோம். அசை சரியாக இருந்தது, அதனால் எவருக்கும் உறைக்கவில்லை.

அடுத்த ஒத்திகையில் அந்த வரி வந்தபோது வுயோ மட்டும் 'உவுயோ' என்று ஓங்கிப் பாடினாள். மோண்டே கையை நிறுத்தினார்.

"யாருக்குச் சொல்லு தப்பாப் போகுது?"

"உங்களுக்குத்தான் அண்ணே. களவாண்டவரு பாட்டையாவது ஒருமுறை படிச்சிருக்கலாம்" என்று ஆரம்பித்து, நடந்ததை எல்லார் முன்னாலும் சொன்னாள்.

அவர் முகம் கறுத்தது, ஆனால் குரல் மாறவில்லை. "போட்டிக்குப் பதினோரு நாள்தான் இருக்கு. எல்லாக் குழுவும் இப்படியே பழகியாச்சு. இப்பப் போய்ச் சொன்னா நம்ம குழுவைத்தான் நீக்குவாங்க. கொஞ்சம் பொறுத்துக்கோ, தங்கச்சி."

பொறுத்துக்கொள்ள வேண்டுமாம். அந்தச் சொல்லைச் சொல்ல அவருக்கு வாய் கூசவில்லை.

எழுந்து நின்று நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். போன வருஷம் இரண்டாம் பரிசோடு திரும்பிய எனக்கு இந்த வருஷக் கோப்பை மேல் ஆசை இருந்தது. அவர் மறுபடி கையைத் தூக்கினார். முப்பத்தொன்பது பேரும் 'உமோண்டே' என்று பாடினோம்.

வுயோ தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். போகும்போது அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.