திறந்திருந்த கதவுக்கு வெளியே

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீசுக்குள், லயத்து வரிசை வீடுகளில் குடியிருக்கும் தொழிலாளர்கள் யாரும் போவதில்லை. போகக் கூடாது என்று பலகை எதுவும் கிடையாது. கதவும் காலை ஏழு மணிக்கே திறந்துவிடும். ஆனாலும் காரியம் உள்ளவர்கள் செருப்பைப் படிக்குக் கீழே கழற்றிப் போட்டுவிட்டு, பக்கத்து ஜன்னலுக்கு வெளியே போய் நிற்பார்கள். உள்ளே எழுதிக்கொண்டிருக்கும் கிளாக்கர் ஐயா தலை நிமிர்ந்து "என்ன?" என்று கேட்கும்வரை வாய் திறக்கக் கூடாது. இருமக்கூடக் கூடாது என்பது என் அம்மா தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்ட விதி. இலங்கையில் எங்கள் நிவித்திகலப் பக்கம் மழைக்குப் பஞ்சமில்லை. அந்த ஜன்னலுக்கு மேலே கூரை ஒரு சாண்தான் நீண்டிருக்கும். நனைந்துகொண்டே நிற்போம்.

ஆபீசிலிருந்து ஆள் அனுப்பிக் கூப்பிட்டால் அது வேறு கதை. அப்பாவை ஒருமுறை அப்படிக் கூப்பிட்டார்கள். விறகுக்கு ரப்பர் மரக் கிளை ஒன்றை வெட்டிவிட்டாராம். இரண்டு வாரம் வேலை கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு "ஆபீசுல கூப்புடுறாங்க" என்று யாராவது வந்து சொன்னாலே எங்கள் வீட்டில் ஆளாளுக்கு என்ன தப்பு செய்தோம் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவோம்.

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் வணிக முகாமைத்துவம் படிக்க எனக்கு முழு உதவித்தொகை கிடைத்தபோது, நற்சான்றுக் கடிதத்துக்காக அம்மாவும் நானும் அந்த ஜன்னலுக்கு வெளியே இரண்டு மணி நேரம் நின்றோம். கீழ்ப்படிதலுள்ள தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளை நான் என்று கடிதம் சொன்னது. அம்மா அதை மூன்று தரம் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டுப் பூரித்துப்போனாள். எனக்கோ எரிச்சல். கீழ்ப்படிதலாம்! வகுப்பில் முதலாவதாக வந்தவள் என்று ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? அந்தக் கடிதம் எவ்வளவு சரி என்பது பிறகுதான் தெரிந்தது.

உதவித்தொகைக்கு ஒரே நிபந்தனைதான். சராசரிப் புள்ளி ஒரு மட்டத்துக்குக் கீழே போகக் கூடாது. போனால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். முதல் வருடத்தை எப்படியோ ஒப்பேற்றினேன். இரண்டாம் வருடம் நிதி முகாமைத்துவப் பாடத்தில் மாட்டிக்கொண்டேன். கணக்கு கஷ்டம்தான், ஆனால் கணக்கை இரண்டு தரம் போட்டால் வந்துவிடும். வாய்தான் வரவில்லை. அந்தப் பாடத்தில் வகுப்பில் பேசுவதற்கென்றே தனியாகப் புள்ளி வைத்திருந்தார்கள். பேராசிரியை சொல்லி முடிப்பதற்குள் பிள்ளைகள் கையைத் தூக்குவார்கள். தப்பாகச் சொல்லிவிட்டுத் தாங்களே சிரிப்பார்கள். அதற்கும் புள்ளி உண்டு. விடை தெரிந்த நாட்களிலும் நான், அவர் என்னைப் பார்த்து 'நீ சொல்' என்று சொல்லட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். அவர் சொல்லவில்லை. அங்கே யாரும் யாரையும் அப்படி வருந்திக் கேட்பதில்லை.

வேடிக்கை என்னவென்றால், அதே மாதம் இன்னொரு பாடத்தில் 'திறந்த கதவுக் கொள்கை' என்று ஒன்று படித்தோம். மேலதிகாரி தன் அறைக் கதவைத் திறந்து வைத்திருந்தால், ஊழியர் எந்த நேரமும் உள்ளே போய் மனதில் பட்டதைச் சொல்லலாம். அதன் நன்மைகள் ஐந்தை எழுதச் சொன்னார்கள். நான் ஆறு எழுதி முழுப் புள்ளி வாங்கினேன்.

அந்த வாரமே நிதிப் பாடத்துப் பேராசிரியையிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. ஒரே வரி. 'என் அறைக்கு வந்து என்னைப் பார்.' கூப்பிட்டுவிட்டார்கள், தொலைந்தேன் என்றுதான் தோன்றியது. என்ன தப்பு செய்தேன் என்று ஒரு வாரம் யோசித்தேன். யோசித்ததில் அந்த வாரம் போயிற்று.

அடுத்த செவ்வாய்க்கிழமை மத்தியானம் போனேன். வெளியே பனி. பேராசிரியையின் அறைக் கதவு நன்றாகத் திறந்திருந்தது. உள்ளே அவர் ஆப்பிள் ஒன்றைக் கடித்துக்கொண்டு கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பனி அப்பிய பூட்சைக் கழற்றிச் சுவரோரமாக வைத்துவிட்டு, வெறும் காலுறையோடு கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார், சிரித்தார், திரும்பக் கணினியைப் பார்த்தார். வா என்று சொல்லவில்லை. நான் வந்ததுதான் தெரிந்துவிட்டதே, வேலை முடிந்ததும் கூப்பிடுவார் என்று நின்றேன். என் வகுப்புப் பையன் ஒருவன் என்னைத் தாண்டிக்கொண்டு நேரே உள்ளே போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். பிறகு ஒரு பெண். அவர்கள் பேசிவிட்டுப் போனார்கள். முக்கால் மணி நேரம் கழித்து அவர் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். என் காலுறையைப் பார்த்தார்.

"யாருக்காவது காத்திருக்கிறாயா?" என்று கேட்டார்.

உங்களுக்குத்தான் என்று சொல்ல வேண்டியதுதானே? நான் இல்லை என்று தலையாட்டினேன். பூட்சைக் கையில் எடுத்துக்கொண்டு படியில் இறங்கி ஓடினேன். இதை எழுதும்போதும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

அந்தப் பாடத்தில் தோற்றேன். சராசரி சரிந்தது. உதவித்தொகை நிறுத்தப்படுகிறது என்று நல்ல ஆங்கிலத்தில், வருத்தத்தோடு, கடிதம் வந்தது. புறப்படுவதற்கு முன்பு நடைபாதையில் பேராசிரியையைக் கண்டேன். அவரே நிறுத்திப் பேசினார். அந்தப் பாடத்திலிருந்து விலக ஒரு கடைசித் திகதி இருந்ததாம். அதற்குள் விலகியிருந்தால் சராசரிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டாராம். நான் நின்ற செவ்வாய்க்கிழமைக்கும் அந்தத் திகதிக்கும் நடுவில் மூன்று நாள் இருந்திருக்கிறது.

"அன்றைக்கு வாசலில் கேட்டபோதும் இல்லை என்று தலையாட்டினாயே. என்னிடம் ஏன் வரவில்லை?" என்றார்.

"வந்தேன். வெளியே நின்றேன்."

அவருக்கு விளங்கவில்லை. கெட்டவர் இல்லை, உண்மையாகவே விளங்கவில்லை. "கதவு திறந்துதானே இருந்தது?" என்றார்.

ஊருக்கு வந்தேன். இரத்தினபுரியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியதும் கொழுந்து நிறுக்க நின்ற பெண்கள் "அமெரிக்கா வந்துருச்சுடியோய்" என்று கேலி செய்தார்கள். படிப்பு முடிந்து வந்திருக்கிறேன் என்று அவர்களுக்கு நினைப்பு. நான் திருத்தவில்லை. அம்மாவிடம் மட்டும் அன்றைக்கே எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ஒன்னய அவங்க உள்ள வான்னு கூப்புடலயா?"

"கூப்புடலம்மா."

"அப்ப நீ என்னாடி செய்வ," என்றாள்.

அதில் அவளுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. பெற்றவளுக்கும் தெரியாத ஒன்றை நான் எங்கே போய்க் கற்றிருப்பேன் என்று அன்று முழுக்க அழுதேன்.

இப்போது தோட்டத்து ஆபீசில் கிளாக்கர் வேலை. பழையவர் ஓய்வு பெற்றுவிட்டார். ஆங்கிலமும் கணினியும் தெரியும் என்று தோட்டத்து மேனேஜர் தொரை எடுத்துக்கொண்டார். லயத்திலிருந்து வந்து அந்த மேசையில் உட்கார்ந்த முதல் ஆள் நான்தான் என்கிறார்கள். முதல் நாள் நானே செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் நின்றேன். தொரை சிங்களத்தில் அதட்டிய பிறகுதான் உள்ளே போனேன். வருகிறவர்களை உள்ளே வந்து உட்காரச் சொல்லிப் பார்த்தேன். ஒருவரும் வரவில்லை. நாளடைவில் நானும் சொல்வதை விட்டுவிட்டேன்.

போன மாதம் ஒருநாள் நல்ல மழை. ஆட்களின் வேலை நாளும் கூலியும் பதியும் செக்ரோல் கணக்கைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். எதற்கோ நிமிர்ந்தால் ஜன்னலுக்கு வெளியே அம்மா. கொழுந்துச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நிற்கிறாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ, சேலை முழுதும் ஈரம். இருமக்கூட இல்லை. வீட்டில் சமைக்கிற குசினிக் கூரைத் தகரம் ஒழுகுகிறது, அதற்குப் படிவம் எழுத வந்திருக்கிறாள். வீட்டில் சொல்லியிருந்தால் நானே கொண்டு போயிருப்பேன்.

"உள்ள வாம்மா," என்றேன். "கதவு தெறந்துதானே இருக்கு."

அம்மா உள்ளே தொரையின் அறைப் பக்கம் பார்த்தாள்.

"பரவாயில்லீங்க, இங்கனயே நிக்கிறேன். நீங்க வேலையப் பாருங்க."

காலையில்தான் 'அடியே, ரொட்டிய எடுத்துக்கிட்டுப் போடி' என்று என் பின்னால் கத்தியவள். நான் படிவத்தை ஜன்னல் வழியாக நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.