கன்னியம்மா பாத்திக்கு எத்தனை வண்டி மண்?

மண் அடிக்கிற தொழிலில் மாடு படுத்தாது. கணக்குப் போடுகிறவன்தான் படுத்துவான். உங்களில் அடிபட்டவர்களுக்குத் தெரியும்.

அறுபதுகளின் கடைசி. அம்பத்தூரில் வரிசை வரிசையாகக் குவார்ட்டர்ஸ் எழும்பிய நேரம். தரையெல்லாம் ஜல்லியும் உடைகல்லும். செங்கல்லால் உயரப் பாத்தி கட்டித்தான் செடி வைக்கணும். ஏரி மண் என் மாட்டு வண்டியில் வரும்.

வெளியே பிடித்த கயிறு

பேக்டரியில் பிட்டர் வேலை பார்த்த முனுசாமி நாலு வண்டி கேட்டார். அவர் பெண்சாதி கன்னியம்மாவின் அப்பன் கொல்லை பேக்டரி கட்டப் போய்விட்டது. மிஞ்சியது ஒரு பிடி முள்ளுக்கத்திரி விதை. அத்தனையையும் உடைந்த பானையில் நாற்று விட்டிருந்தாள். அது செத்தால் அந்தக் கத்திரி அதோடு சரி.

நாலும் கொண்டு வந்தேன். இரண்டு வண்டியிலேயே பாத்தி ரொம்பிவிட்டது. பத்தடிக்கு நாலடி என்று சுவருக்கு வெளியே கயிறு பிடித்திருக்கிறார் மனுஷன். சுற்றிலும் முக்காலடிச் சுவர். உள்ளே பாதி இடம்தான். கன்னியம்மா இடுப்பில் கை வைத்தாள்.

"யோவ், செங்கல்லுக்குள்ளயும் மண்ணு ரொப்பப் போறியா?"

மழைக்குப் பிறகு

"மீதியை மேலே குவிச்சு வை, அமுங்கும்" என்றேன். முனுசாமி கேட்டால்தானே? சுவர் மட்டத்துக்கு அழகாக நிரவிவிட்டு, மீதியைப் பக்கத்து வீட்டு பஸ் டிரைவர் பாய்க்குக் கொடுத்துவிட்டார். பாய் அதில் ஒரு ரோஜா வைத்தார்.

வெட்டின மண் உப்பிக் கிடக்கும். தண்ணீர் பட்டால் உட்காரும். நாற்று நடுவதற்குள் நல்ல மழை. மண் ஒரு சாண் இறங்கி, பாத்தி தண்ணீர் தேங்கும் தொட்டியாகிவிட்டது. அதில் நட்டால் வேர் அழுகும். முனுசாமி என் வண்டியை வழியிலேயே மறித்தார்.

"நீ போட்டது மண்ணா, சக்கரையா நைனா? கரைஞ்சி பூட்சே!"

பாய் வீட்டு வாசல்

ஏரியில் தண்ணீர் ஏறிவிட்டது. வண்டி இறங்காது. பானையில் நாற்று மஞ்சளடிக்க ஆரம்பித்தது. கன்னியம்மா புருஷனோடு பேசுவதை நிறுத்தினாள்.

முனுசாமி கூடையோடு பாய் வீட்டு வாசலில் போய் நின்றார். கொடுத்ததைத் திருப்பிக் கேட்க வாய் வரவில்லை. நான்தான் கேட்டேன். பாய் கூடையைப் பார்த்தார், சிரித்தார்.

"அள்ளிக்கோ மாமே. அந்த ரோஜாவையும் பேத்து உன் பாத்தியிலயே வையி. யாரு தண்ணி ஊத்தறதுன்னு என் ஊட்ல தெனம் சண்டையா கீது."

நீளம், அகலம், உயரம் பெருக்கினால் மண் கணக்கு வந்துவிடும். அந்தப் பாத்தியில் கத்திரி காய்த்த கணக்குக்கு மட்டும் ஒரு ரோஜாவையும் கூட்டிக்கொள்ளணும்.